காரை மேட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

விண்வெளி ஆராய்ச்சி என்றவுடன் நம்மில் பெரும்பாலோரின் மனக்கண் முன் எழுவது, ஸ்ரீஹரிகோட்டாவில் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும் ராக்கெட்டேயன்றி, அதன் தலைப்பாகத்தில் ஏறிச் செல்லும் உபகரணம் எந்தக் கேள்விக்கு விடை தேடிச் செய்யப்பட்டது என்பதும், அதைச் செய்யப் பணம் வேண்டுமென்று எவர் எப்போது எழுதிக் கேட்டார் என்பதும் அல்ல. வானத்தில் சுழலும் விஞ்ஞானக் கருவி எதுவாயினும் முதலில் காகிதத்தில்தான் பிறக்கிறது. நிதி கோரும் விண்ணப்பமாகப் பிறந்து, நிபுணர் குழுவின் ஆட்சேபணைகளுக்குச் சமாதானம் சொல்லி, திருத்தப்பட்டு, மறுபடியும் திருத்தப்பட்டு, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உலோகமும் கண்ணாடியுமாக உருவெடுக்கிறது. அந்தக் காகித வேலையில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கல்லூரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றும், கேட்கும் முறையை மாற்றிக்கொண்டால் அந்தப் பங்கை அவை பெறக்கூடும் என்றும் நான் கருதுவதால், அம்முறையைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத முற்படுகிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி மானியம் அளிப்பதற்காக இஸ்ரோ ஏற்படுத்திய ரெஸ்பாண்ட் திட்டம் 1970-களிலிருந்து நடந்துவருகிறது. விண்கலத்தில் உபகரணம் வைக்க இடம் இருக்கும்போது அதற்கெனத் தனி அறிவிப்பு வெளியாகும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது அடுக்கை, அதன் வேலை முடிந்தபின் வீணாக விட்டுவிடாமல், சிறு உபகரணங்களைச் சுமந்து பூமியைச் சுற்றும் மேடையாக மாற்றிய போயம் என்ற ஏற்பாடு 2022-ல் தொடங்கியது. 2024 டிசம்பரில் சென்ற நான்காவது போயத்தில் இருந்த 24 உபகரணங்களில் 10, இஸ்ரோவுக்கு வெளியே உள்ள கல்வி ஸ்தாபனங்களும் புதிய நிறுவனங்களும் செய்தவை. இவற்றோடு, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயிலும் இருக்கிறது. ஏட்டளவில் எந்தக் கதவும் நமக்கு அடைக்கப்படவில்லை.

ஆயினும், இப்பக்கத்து ஆசிரிய நண்பர்கள் சிலர் எழுதி வைத்திருக்கும் வரைவுகளைப் பார்த்த அளவில், அவை கதவு வரை போய்த் திரும்பிவிடும் என்றே சொல்லத் தோன்றுகிறது. தொடக்கத்தில் விக்ரம் சாராபாயின் புகழ். அடுத்து 1963-ல் தும்பாவில் எழுந்த முதல் ராக்கெட். பிறகு சந்திரயானின் மகிமை. அப்புறம் கிராமப்புற மாணவர்களிடையே விண்வெளி விழிப்புணர்வை உண்டாக்குவது என்ற நோக்கம். கடைசியில் நான்கு பக்கத்துக்கு உபகரணப் பட்டியல், விற்பனையாளர் கொடுத்த விலைப்புள்ளிகளோடு. மளிகைக் கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் சாமான்களின் பெயர் இருக்குமேயன்றி, வீட்டில் யாருக்கு என்ன சமைக்கப் போகிறார்கள் என்பது இராது. இந்த வரைவுகளும் அப்படித்தான் இருக்கின்றன. படித்து முடித்தபின், இந்தக் கருவியைக் கொண்டு எதை அளக்கப் போகிறார்கள், அளந்தால் இதுவரை தெரியாத எது தெரியவரும் என்ற இரண்டு வினாக்களும் அப்படியே நிற்கின்றன.

இது ஆசிரியர்களின் அறிவுக் குறைவால் நேர்வதன்று. வாரத்தில் பெரும்பகுதி வகுப்பிலேயே கழிந்து, எஞ்சிய நேரத்தையும் தேர்வு வேலையும் அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகளும் விழுங்கிவிட, நிர்வாகத்தார் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லட்சத்துக்கு எழுதியிருக்கிறீர்கள்?" என்பதாக இருக்குமானால், விண்ணப்பம் லட்சத்திலிருந்து தொடங்கிக் கருவிக்கு வந்து, நோக்கத்தை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. நிபுணர் குழுவோ நேர் எதிர்த் திசையில் படிக்கிறது. முதலில் கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை காண எந்த அளவு தேவை, அந்த அளவு எத்தனை நுட்பமாக இருக்கவேண்டும், அத்தனை நுட்பத்தைத் தரும் கருவி எது, அந்தக் கருவி என்ன எடை, எவ்வளவு மின்சாரம், என்ன செலவு. பெரிய விண்கலத் திட்டங்களில் இந்த வரிசையை ஒரே அட்டவணையாக எழுதி முதற் பக்கங்களிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணையின் முதல் கட்டத்தை நிரப்ப நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், காலடி மண்ணே இருக்கிறது என்பது என் பதில்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், காரை கிராமத்தை ஒட்டிக் குளக்கானத்தம் பக்கம் செல்கிறவர்கள், மழைநீர் அரித்து வரிவரியாகக் கீறிவிட்ட களிமண் மேடுகளைப் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பிரதேசம் கடலுக்கு அடியில் இருந்த காலத்தில் படிந்த களிமண் அது. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் பிராணிகளின் படிமங்கள் இச்சுற்றுவட்டாரத்தில் ஏராளம். ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இங்கெல்லாம் சுற்றி அளந்து, இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-ல் வெளியிட்ட அறிக்கையே இன்றுவரை இத்துறையில் நுழைவோர்க்கு ஆதாரம். மண்ணை அளந்த அதே மனிதர்தான் 1875-ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி வானத்தை அளக்கப் போனார் என்பது, இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேரடியாகத் தேவையில்லாவிட்டாலும், எனக்குப் பிடித்த செய்தி.

அந்த மேடுகளின் சரிவில் குனிந்து பார்த்தால், களிமண்ணைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு வெள்ளை நிறத்தில் ஜிப்சம் நரம்புகள் ஓடுவதைக் காணலாம். சில, தகடு தகடாக உரியும் கண்ணாடித் துண்டுகள்; சில, வெடிப்பின் இரு சுவர்களுக்கும் செங்குத்தாக நெருங்கி அடுக்கிய நார்கள். நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மென்மை. களிமண்ணில் வெடிப்பு விழுந்தபோது அதன் வழியே கால்சியமும் கந்தகமும் கரைந்த நீர் ஓடி, அந்த நீரிலிருந்து உப்பு பிரிந்து படிந்ததால் உண்டான நரம்புகள் இவை. ஜிப்சத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சிறைப்பட்டிருக்கின்றன. ஆகவே இந்த நரம்பைப் பார்ப்பது, நீர் ஓடிய வழியையும் அந்த நீரில் ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்ப்பதாகும்.

2011-ஆம் ஆண்டின் இறுதியில், செவ்வாய்க் கிரகத்தில் எண்டவர் என்னும் பெரும் பள்ளத்தின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்த ஆப்பர்சூனிட்டி ஊர்தி, கட்டைவிரல் அகலத்தில் சுமார் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை நரம்பைக் கண்டது. ஹோம்ஸ்டேக் என்று பெயரிட்டு அதைச் சோதித்த விஞ்ஞானிகள், அது கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு என்றும், பெரும்பாலும் ஜிப்சமாகவே இருக்கவேண்டும் என்றும், பாறை வெடிப்பில் நீர் ஓடியதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி அதுவரை அங்கே கிடைத்ததில்லை என்றும் கூறினார்கள். பின்னர் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும் இத்தகைய நரம்புகளைப் பல இடங்களில் கண்டது. காரை மேட்டில் ஆடு மேய்ப்பவரின் காலடியில் கிடக்கும் பொருளும், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஊர்தியின் சக்கரத்தடியில் கிடக்கும் பொருளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இந்த ஒற்றுமையை முதல் வாக்கியமாக வைத்து எழுதும் உரிமை எல்லா மாவட்டத்துக்கும் வாய்ப்பதில்லை.

காரை செவ்வாய் அல்ல என்பதையும் உடனே சொல்லிவிடவேண்டும், விண்ணப்பத்திலும் சொல்லவேண்டும். இங்கே காற்று அடர்த்தியாக இருக்கிறது, மழை பெய்கிறது, புல் முளைக்கிறது, சித்திரை வெயில் கொளுத்துகிறது. அங்கே கடுங்குளிர், மெல்லிய காற்று, தூசி. ஒப்புமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை எழுதுபவரே வரையறுத்துக் காட்டினால் குழுவினரின் நம்பிக்கை கூடுமேயொழியக் குறையாது. குஜராத்தில் கட்ச் பகுதியைச் சேர்ந்த மாதானோமட் என்ற இடத்தில் ஜாரோசைட் என்னும் கனிமம் கிடைப்பதை வைத்து, அதே கனிமம் செவ்வாயில் 2004-ல் கண்டறியப்பட்டதோடு ஒப்பிட்டு, கரக்பூர் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் அகமதாபாத் மையமும் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஆராய்ந்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டன. அந்த வறட்டு நிலமும் செவ்வாய் அன்று. ஆனால் குறிப்பிட்ட ஒரு கேள்விக்குச் செவ்வாயின் பிரதிநிதியாக நிற்கத் தகுதி பெற்றது.

காரைக்கு ஏற்ற கேள்வியாக ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கணக்குப் புத்தகம் வரை இறங்குகிறது என்று பார்ப்போம். நரம்பில் உள்ள உப்பு, இரண்டு நீர் மூலக்கூறு உடைய ஜிப்சமா, அரை மூலக்கூறு உடைய பாசனைட்டா, நீரே இல்லாத அன்ஹைட்ரைட்டா? இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து, அந்த இடம் எவ்வளவு வெப்பத்தையும் வறட்சியையும் கண்டது என்பது தெரியவரும். மூன்றையும் பிரித்தறிய ஒரு வழி ராமன் நிறமாலை. பெரம்பலூரும் அரியலூரும் அன்று அடங்கியிருந்த திருச்சி ஜில்லாவின் திருவானைக்காவலில் பிறந்த ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவைக் கொண்டு, லேசர் ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தி, சிதறிவரும் ஒளியின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்கும் முறை. இந்த முறையில் இயங்கும் கருவிகள் வேறொரு கிரகத்தில் முதன்முதலாக வேலை செய்தது 2021-ல், பெர்சிவியரன்ஸ் ஊர்தியில்.

ஜிப்சத்தின் முக்கியமான கோடு 1008 என்ற அலையெண்ணில் விழுகிறது. பாசனைட்டின் கோடு 1015 அளவில். அன்ஹைட்ரைட்டின் கோடு 1017 அளவில். முதலாவதை மற்ற இரண்டிலிருந்து பிரிக்கச் சாதாரணக் கருவியே போதும். பின்னிரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது சிரமம். ஆனால் நீரின் கையெழுத்து 3400-லிருந்து 3600 வரையிலான பகுதியில் தனியாக விழுவதாலும், அன்ஹைட்ரைட்டில் நீரே இல்லாததாலும், கருவியின் வீச்சு அந்தப் பகுதி வரை எட்டினால் சிக்கல் அவிழ்கிறது. ஆகவே, 1800 வரை மட்டும் அளக்கும் மலிவான கருவி உதவாது. அதைவிட அகலமானது வேண்டும். பகல் வெளிச்சத்தில் வேலை செய்யவேண்டுமானால், சூரிய ஒளியை விலக்கி லேசர் துடிக்கும் கணத்தில் மட்டும் கண் திறக்கும் உணர்கருவி வேண்டும். அது விலை அதிகம். விலையைத் தாங்க முடியாவிட்டால், கருவியின் முகத்தில் இருட்டுக் கூண்டு பொருத்தி அருகில் வைத்து அளக்கலாம். அப்படியானால் தூரத்திலிருந்து அளக்கும் திறனை இழக்கிறோம் என்று விண்ணப்பத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும். செலவுப் பட்டியலின் முதல் மூன்று வரிகள் இப்போது தாமாகவே எழுதப்பட்டுவிட்டன. அந்த வரிகளில் எதைக் குறைக்கச் சொன்னாலும், குறைத்தால் எந்தக் கேள்வி விடையின்றி நிற்கும் என்று பதில் சொல்லவும் முடிகிறது.

செலவுக் கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கருவியின் விலையை ரூபாய் பைசா சுத்தமாக எழுதுகிறவர்கள், அதை இயக்கும் மனிதரை மறந்துவிடுகிறார்கள். ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000, இரண்டாண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் ரூ.42,000. மூன்றாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், வீட்டு வாடகைப்படி நீங்கலாக ரூ.13,92,000 ஆகிறது. இதை எழுதியவர்களும், இரண்டாவது ஆண்டுத் தவணை முதல் ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் போய்ச் சேர்ந்த பிறகே வரும் என்பதை நினைப்பதில்லை. 'யூசி' எனப்படும் அந்தச் சான்றிதழ் கல்லூரிக் காரியாலயத்தில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் மாதங்களில் அந்த இளைஞர் சம்பளமின்றி இருப்பார். இருந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அளவீட்டுத் திருத்தம், அதிர்வுச் சோதனை, வெற்றிட வெப்பச் சோதனை, உதிரிப் பாகம் ஆகியவற்றுக்கு வரியே இல்லாத பட்டியல்களும் உண்டு. விண்ணுக்குப் போகவேண்டிய கருவியானால் இவை கருவியின் விலையையே மிஞ்சக்கூடியவை.

காலடி மண்ணிலிருந்து தொடங்குவது கற்பனையன்று என்பதற்கு நமக்கு அருகிலேயே பிரத்தியட்ச உதாரணம் உண்டு. சந்திரனின் மேட்டு நிலங்களில் உள்ள அனார்த்தோசைட் என்னும் வெண்பாறையை ஒத்த பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருக்கிறது. சந்திரயான்-2 இறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கச் சந்திர மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து தருவித்தால் பெருஞ்செலவு ஆகும் என்ற நிலையில், இந்தப் பாறையை உடைத்து அரைத்து உரிய பருமனுக்குச் சலித்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2014-ல் விண்ணப்பித்த காப்புரிமை 2020-ல் இஸ்ரோவுக்குக் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவர்களின் வரிசையில் இஸ்ரோ விஞ்ஞானிகளோடு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் இருக்கிறார்கள். பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலாளர்களிடம் ராக்கெட் இல்லை. அந்தப் பாறை எங்கே கிடைக்கிறது, அதன் உட்சேர்க்கை என்ன என்ற அறிவு இருந்தது. இஸ்ரோவிடம் இல்லாத ஒன்றைத் தன்னிடம் வைத்திருப்பவனே கூட்டாளியாக மதிக்கப்படுகிறான்.

அரியலூருக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. அதை எந்த விண்ணப்பத்திலும் நான் கண்டதில்லை. சந்திரயான்-3 சுமந்து சென்ற பிரக்யான் ஊர்தியில், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் செய்த ஏ.பி.எக்ஸ்.எஸ். என்ற உபகரணம் இருந்தது. கியூரியம் என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து கிளம்பும் கதிர்களை மண்ணின்மீது பாய்ச்சி, மண்ணிலுள்ள தனிமங்கள் பதிலுக்கு உமிழும் எக்ஸ் கதிர்களை எண்ணி, சிலிக்கன் எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்லும் கருவி அது. தென்துருவப் பக்கத்தில் அது எடுத்த 23 அளவீடுகள், அந்த நிலம் அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது என்று காட்டியதையும், ஆதியில் சந்திரன் முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கொள்கைக்கு அது வலுச் சேர்ப்பதையும் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழ் வெளியிட்டது. இனி, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை நம்பி நிற்கும் சிமெண்டு ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறைக்கு வருவோம். இக்காலச் சிமெண்டு ஆலையில் ஒவ்வொரு ஷிப்டிலும் கச்சாக் கலவையின் மாதிரியை அரைத்து, வில்லையாக அழுத்தி, எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியில் வைத்து அளக்கிறார்கள். என்ன அளக்கிறார்கள்? கால்சியம், சிலிக்கன், அலுமினியம், இரும்பு. கதிரின் மூலம் வேறு, தத்துவம் ஒன்றே.

இந்த அறைகளில் இரவுப் பணி பார்க்கும் வேதியியலாளர், வில்லையின் மேற்பரப்பு சற்றுக் கரடாக இருந்தால் எண் எப்படிப் பிசகும், ஒரு தனிமத்தின் கதிரை இன்னொரு தனிமம் எப்படி விழுங்கும், அளவுகோல் மாதிரியை எத்தனை நாளுக்கொருமுறை வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்பதையெல்லாம் அனுபவத்தால் அறிந்தவர். கோள் ஆராய்ச்சியில் மிகுந்த தலைவலி தருவதும் இந்த அளவீட்டுத் திருத்தமே; அங்கே வில்லை அழுத்த ஆளில்லை, கரடுமுரடான மண்ணை அப்படியே அளக்கவேண்டும். உட்சேர்க்கை துல்லியமாகத் தெரிந்த பாறைத் தூள்களை, பல பருமனில், பல கரட்டுத் தன்மையில் தயாரித்து, இவற்றில் கருவி எவ்வளவு பிழை செய்கிறது என்று பதிவு செய்வதை மட்டும் ஒரு கல்லூரி மூன்றாண்டு வேலையாக எடுத்துக்கொண்டால், அது முழு உபகரணம் செய்வதாகப் பெருமை பேசும் விண்ணப்பத்தைவிடப் பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆலைகளோடு ஓர் உடன்படிக்கைக் கடிதம் வேண்டும். சுண்ணாம்புக் குழிகளால் இம்மாவட்டத்துக்கு நேர்ந்த நஷ்டங்களை மறக்காதவர்கள் கூட, ஆலைகள் தம் கருவி நேரத்தில் வாரம் ஓர் இரவை நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

முழு உபகரணத்தை ஏன் கேட்கக்கூடாது என்று சிலர் கோபிக்கக்கூடும். கேட்கலாம், ஆனால் அதன் காலக்கணக்கை அறிந்து கேட்கவேண்டும். சூரியனை ஆராயும் ஆதித்யா திட்டம் 2008-ல் ஒரே ஒரு உபகரணத்துடன் கருக்கொண்டது. கொடைக்கானலின் நூற்றாண்டுப் பாரம்பரியம் உடைய பெங்களூர் இந்திய வானியற்பியல் நிலையம் செய்து முடித்த அந்த உபகரணம், 2023 ஜனவரியில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 2-இல் வேறு ஆறு உபகரணங்களோடு புறப்பட்டது. எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை அளக்கும் போலிக்ஸ் என்ற கருவியைச் செய்த ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு இஸ்ரோ 2017-ல் ரூ.9.5 கோடி மானியம் அளித்தது. அந்தக் கருவியும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. விண்ணுக்குப் போனது 2024 ஜனவரி முதல் தேதி. பதினைந்து ஆண்டு பொறுத்திருக்க நிலையான ஆசிரியர் பதவியும், பட்டறையும், ஓய்வு பெறுபவரின் இடத்தில் உடனே வரும் அடுத்த ஆளும் வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களை நம்பி நடக்கும் துறை இதற்குக் கையெழுத்துப் போடுவது விவேகமன்று. போயம் போன்ற மேடைகளில் சிறு உபகரணம் வைப்பது இரண்டு மூன்று ஆண்டில் முடியும் காரியம். அதற்கும் கேள்வி தெளிவாக இருக்கவேண்டும். 2024 ஜனவரியில் சென்ற மூன்றாவது போயத்தில் இடம்பெற்ற வீசாட், திருவனந்தபுரத்து மகளிர் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவியர் செய்தது. விண்வெளியிலும் தரையிலும் புற ஊதாக் கதிரின் அளவை ஒப்பிடவேண்டும் என்ற ஒரு கேள்வியைச் சுமந்து சென்றது. மேலே போனோம் என்று பத்திரிகையில் படம் வருவதற்காகவே செய்யப்படும் சிறு செயற்கைக்கோள்களைப் பற்றி எனக்கு அத்தனை உற்சாகமில்லை.

இதுவரை விண்ணப்பிப்பவர்களின் கடமையைச் சொன்னேன். கொடுப்பவர்கள் பக்கம் உள்ள குறையை உணர்த்த அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டை நினைவூட்டவேண்டும். அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு, 1980-களின் இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய தரைவாழ் பிராணிகளில் ஒன்றாக அது இருக்கலாம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரமும் மழையும் பட்டு நொறுங்கி மண்ணாகிவிட்டன. எஞ்சியவை சில சித்திரங்களும், 2022-ல் வெளிவந்த சில பழைய புகைப்படங்களும். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில், நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகறியச் செய்த, 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம், கல்லாகவே மாறிவிட்டதால் பிழைத்தது. கல்லமேட்டு எலும்புகளுக்கு அந்தப் பாக்கியமில்லை. உரிய பருவத்தில் சாந்துக் கட்டுப் போடவும், அளந்து படமெடுக்கவும் வேண்டிய செலவு பெரிய திட்டத்தின் நிதியோடு ஒப்பிட்டால் அற்பமானது.

நம் நாட்டு ஆராய்ச்சி மானிய முறையில் அந்த அற்பத் தொகைக்குத்தான் இடமில்லை. முழுத் திட்டத்துக்குப் பணம் உண்டு. முழுத் திட்டத்தை எழுதும் நிலைக்கு வருவதற்குப் பணம் இல்லை. விண்ணப்பத்தில் பூர்வாங்க முடிவுகளைக் காட்டு என்று குழு கேட்கிறது. பூர்வாங்க முடிவு பெறக் கருவி வேண்டும். கருவி வேண்டுமானால் மானியம் வேண்டும். பெரிய நிலையங்கள் தம்மிடம் ஏற்கனவே உள்ள கருவிகளைக் கொண்டு இந்த வட்டத்தைத் தாண்டிவிடுகின்றன. பெரம்பலூர்க் கல்லூரி தாண்டமுடிவதில்லை. ஆகவே, ரெஸ்பாண்ட் திட்டத்திலோ, 2025-ல் விண்வெளித் தொழிற்கொள்கை வெளியிட்டுப் பத்தாயிரம் கோடி முதலீட்டை எதிர்நோக்கும் தமிழக அரசின் ஏற்பாட்டிலோ, 'தயாரிப்பு மானியம்' என்று தனி இனம் ஒன்று வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய் போதும். ஓர் ஆண்டு போதும். களத்துக்குப் போய்வர, மாதிரிகளை எடுக்க, திருச்சியிலோ சேலத்திலோ உள்ள கருவிகளில் கட்டணம் செலுத்தி அளக்க, இஸ்ரோ மையத்து விஞ்ஞானி ஒருவரைச் சந்தித்து வரைவைக் காட்டித் திருத்திக்கொள்ள. முடிவில் அவர்கள் கொடுக்கவேண்டியது, கேள்வியிலிருந்து செலவு வரை இறங்கும் அந்த அட்டவணையும் பத்துப் பக்க அறிக்கையும் மட்டுமே. பத்துப் பேருக்குக் கொடுத்து ஏழு பேர் முழு விண்ணப்பம் எழுதாமலே போனாலும் அரசுக்குப் பெரிய நஷ்டமில்லை.

இம்மானியம் எந்த மாதத்தில் கைக்கு வரவேண்டும் என்பதும் முக்கியம். மார்ச் இறுதியில் பணம் வந்து, அதே மாதத்துக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்வது நம் காரியாலயங்களின் நெடுநாள் சம்பிரதாயம். வடகிழக்குப் பருவமழை காரைக் களிமண்ணைக் கழுவிப் புதிய நரம்புகளை வெளியே காட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். மண் காய்ந்து மனிதர் ஏறி நடக்கக்கூடிய நிலைக்கு வருவது தை மாதத்தில். அதற்குப் பின் சித்திரை வெயில் வருமுன் கிடைக்கும் சில வாரங்களே களப்பணிக்கு உரிய காலம். டிசம்பருக்குள் தொகை வந்துவிட்டால், தை, மாசியில் மாதிரி எடுத்து, பங்குனி, சித்திரையில் அளந்து, கல்லூரி திறக்கும் ஜூனில் வரைவு முடிந்து, அடுத்த அறிவிப்பு வரும்போது கையில் தயாராக இருக்கும்.